மறு: கோப்புச் சாளரத்தில் ‘டீஃபால்ட்’ – ஒரு சொல் போதாது

வணக்கம்.

மென்பொருள்களைத் தமிழாக்கும் நம் குழுவின் இந்த மடல் இழையில், ‘டீஃபால்ட்’ (நாம் எதுவும் சொல்லாதபோது கணினி தானே எடுத்துக்கொள்ளும் அமைவு) என்பதற்கு இதுவரை இயல்பிருப்பு, முன்னிருப்பு, இயல்புநிலை, கொடாநிலை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கில் எது நல்லது என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். எனக்கு அந்தக் கேள்வியிலேயே ஒரு குறை தெரிகிறது. எதைத் தேர்ந்தாலும் கோப்புச் சாளரத்தின், அதாவது ஃபைல் மேனேஜரின், அமைவுகளில் சிக்கல் தீராது. அங்கே ஆங்கிலம் ‘டீஃபால்ட்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. அந்தத் திண்டாட்டத்தையும் சேர்த்து நாம் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

இது எனக்கு உறைத்தது என் பெரியப்பாவின் கடையில். பெங்களூர் அவென்யூ ரோட்டின் சந்து ஒன்றில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறார். அவர் கணினியில் மாதிரிப் பத்திரிகைப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். தமிழ்ப் பத்திரிகைக்கு ஓர் உறை (ஃபோல்டர்), கன்னடத்துக்கு ஓர் உறை, இரண்டும் கலந்து அடிப்பதற்குத் தனி உறை. படங்களுக்குப் பெயர் எதுவும் கிடையாது. கேமரா போட்ட எண்தான். அதனால் பெயர் வரிசை அவருக்குப் பயன்படாது. படம் பெரிதாகத் தெரிய வேண்டும், புதியது மேலே நிற்க வேண்டும். ஒவ்வோர் உறையாகத் திறந்து அப்படி அமைத்து வைத்திருந்தார். யாரும் சொல்லித் தரவில்லை, அவரே கண்டுபிடித்துச் செய்தது.

தை முகூர்த்த நேரத்தில் புதிதாக ஓர் உறை போட்டார். இதுவும் மற்றவை மாதிரியே தெரியட்டும் என்று அமைவுப் பெட்டியைத் திறந்திருக்கிறார். கீழே ‘இயல்புநிலை’ என்று ஒரு பொத்தான். அமுக்கி, ‘சரி’யும் கொடுத்துவிட்டார். எல்லா உறையும் கணினி வாங்கிய நாளில் இருந்ததுபோல் பொடிப்பொடிப் படங்களாக, பெயர் வரிசையில் வந்து நின்றுவிட்டன. கடையில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் போன் வந்தது.

“இயல்புன்னு போட்டிருந்துச்சுடா. என் இயல்பு இதுதானே, அதான் அமுக்கினேன்.”

“பெரியப்பா, அது உங்க இயல்பு இல்ல. கம்ப்யூட்டரோட இயல்பு.”

“அதுக்கு ஏதுடா இயல்பு?”

எந்த மேசைத்தளம் (விண்டோஸ், மேக் போன்றவை) என்பது இங்கே முக்கியமில்லை. எதில் வேண்டுமானாலும் நடந்திருக்கும். ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மொழியறிந்த ஒருவர் ஒரு தமிழ்ச் சொல்லை அதன் நேர்பொருளில் படித்திருக்கிறார். பிழை அவருடையதல்ல, நாம் அந்தப் பொத்தானில் எழுதியது.

அன்று இரவு மூன்று மேசைத்தளங்களின் கோப்புச் சாளரங்களையும் திறந்து வைத்துப் பார்த்தேன். லினக்ஸில் ஓடும் கேடிஈ மேசைத்தளத்தின் கோப்புச் சாளரமான டால்ஃபினில் காட்சி அமைவுப் பெட்டியில் ஒரு கட்டம் உண்டு: இப்போது நான் செய்திருக்கும் அமைப்பையே இனி ‘டீஃபால்ட்’டாக வைத்துக்கொள் என்பது அதன் பொருள். அதே டால்ஃபினின் பொது அமைவுப் பெட்டிக்குப் போனால் அடியில் ‘டீஃபால்ட்ஸ்’ என்று ஒரு பொத்தான். அதன் பொருள் நேர் எதிர்: நான் செய்ததை விட்டுவிட்டு, மென்பொருளை ஆக்கியவர்கள் வைத்ததற்கே போ. முதலாவது என் விருப்பத்தை நிலைநிறுத்துகிறது. இரண்டாவது அதை அழிக்கிறது. சொல் மட்டும் ஒன்று.

மேக்கின் கோப்புச் சாளரமான ஃபைண்டரில் இது இன்னும் அப்பட்டம். கமாண்ட் விசையோடு ஜே அழுத்தினால் காட்சி விருப்பங்கள் வரும். அடியில் இப்போதுள்ள அமைப்பை ‘டீஃபால்ட்’ ஆக்கும் பொத்தான் இருக்கும். ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டால் அதே பொத்தான் ‘டீஃபால்ட்’டுக்குத் திரும்பும் பொத்தானாக மாறிவிடும். ஒரே இடத்தில், ஒரே பொத்தானில், ஒரே சொல் இரண்டு எதிர்ப்பொருளில். ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் வினை கொஞ்சம் காப்பாற்றுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பொத்தான் சிறியதாகி வால் வெட்டுப்பட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு ‘இயல்புநிலை…’ மட்டும்தான் மிஞ்சும்.

விண்டோஸ் இந்த இடத்தில் பரவாயில்லை. உறை விருப்பங்களில் இந்தக் காட்சியை எல்லா உறைக்கும் பொருத்து என்று ஒரு பொத்தான், உறைகளை மீட்டமை என்று பக்கத்தில் இன்னொன்று. ‘டீஃபால்ட்’ என்ற சொல் அடியில் உள்ள மூன்றாவது பொத்தானில் மட்டும்தான். ஆனால் அந்த ‘எல்லா உறை’க்குள் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் உறைகளைப் பொது, ஆவணம், படம், இசை, காணொளி என்று ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பட உறையில் நின்று பொருத்தினால் பட வகை உறைகளுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். மொழிபெயர்க்கும்போது ‘எல்லா உறைகளுக்கும்’ என்று எழுதாமல் ‘இவ்வகை உறைகளுக்கு’ என்று எழுதினால் பாதிப் பேருக்கு வரும் சந்தேகம் வராமலே போகும்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

‘டீஃபால்ட்’டின் வேர்ப்பொருள் தவறுதல், இல்லாமற்போதல். வங்கிக் கடிதத்தில் தவணை கட்டத் தவறியவரைக் குறிக்கும் அதே சொல்தான். நீங்கள் ஒன்றும் சொல்லத் தவறினால் கணினி எதை எடுத்துக்கொள்ளுமோ அது ‘டீஃபால்ட்’. ‘கொடாநிலை’ இந்த வேரைப் பிடித்துச் செய்த சொல். நிரல் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது: செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) மதிப்பு கொடாதபோது அது எடுத்துக்கொள்ளும் மதிப்பு. அங்கே அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பொதுமக்கள் பார்க்கும் பெட்டியில் ‘கொடா’ என்றதும் விடாக்கண்டன் கொடாக்கண்டன்தான் காதில் விழுகிறது. தவிர, பெரியப்பா தாமே கொடுத்து வைத்த அமைப்பைக் கொடாநிலை என்பது பொருந்தவும் இல்லை.

‘முன்னிருப்பு’ ஆக்கியோர் முன்பே வைத்ததைச் சொல்கிறது. கன்னட மேசைத்தளங்களிலும் ‘பூர்வநியோஜித’ என்று இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். ஆக்கியோர் வைத்தது என்ற பொருளுக்கு அது சரி, பயனர் தாமே வைப்பதற்கு ஆகாது. ‘இயல்பிருப்பு’ நெடுங்காலமாக நம் மொழிபெயர்ப்புகளில் புழங்குகிறது, அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வினையாக்கிப் பாருங்கள்: ‘இயல்பிருப்பாக்கு’. வாயில் நிற்கவில்லை. ‘இயல்புநிலை’யின் கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேன். ‘இயல்பு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் படிப்பவரின் இயல்பா, பொருளின் இயல்பா என்ற கேள்வியை விட்டுச் செல்கிறது.

என் முன்மொழிவு இது. பயனர் தாமே ஆக்கிக்கொள்ளும் ‘டீஃபால்ட்’டுக்கு வழமை.

இதை நான் புதிதாகச் செய்யவில்லை. இந்தக் குழுவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா எழுதும் மடல்களில் ‘வழமைபோல’ என்று வராத மடலே இருக்காது. ஈழத்தில் அன்றாடப் பேச்சு. இங்கே நாம் ‘வழக்கம்’ என்கிறோம். அப்படியானால் ‘வழக்கம்’ என்றே வைக்கலாமே என்று கோவை நண்பர் கேட்கக்கூடும். நானும் முதலில் அதைத்தான் எழுதிப் பார்த்தேன். நம் பக்கத்தில் ‘வழக்கம்’ என்றால் ஊர் வழக்கம், சாதி வழக்கம் என்று தன் கையில் இல்லாத ஒன்றின் சாயலும் சேர்ந்து வருகிறது. வழக்கு, நீதிமன்றம் எல்லாம் கிட்டத்திலேயே நிற்கின்றன. வழமைக்கு அந்தச் சுமை இல்லை. மூன்றெழுத்து. பொத்தானில் அடங்கும். ‘வழமையாக்கு’, ‘வழமைக் காட்சி’, ‘என் வழமை’ என்று எந்தப் பக்கமும் வளைகிறது. எல்லாவற்றையும்விட, அது காலத்தோடு சேர்ந்த சொல்: ஒருவர் மறுபடி மறுபடி செய்வதால் ஆவது. பெரியப்பா ஒவ்வோர் உறையாகத் திறந்து செய்துகொண்டிருந்தது வழமைதான்.

ஆக்கியோர் வைத்ததற்கு முதலமைவு. ‘முதலமைவுக்குத் திரும்பு’ என்று பொத்தானில் எழுதலாம். ‘தொடக்கநிலை’ என்றும் யோசித்தேன். தொடக்கநிலை வகுப்பு என்பதுபோல் கற்றுக்குட்டிகளுக்கான அமைவு என்ற மயக்கம் வருகிறது. ‘மூல அமைவு’ மூலநிரலோடு (சோர்ஸ் கோடு) போய் மோதுகிறது.

ஒவ்வோர் உறையும் தனக்கெனக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்வது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது. அதற்குப் புதுச்சொல் வேண்டாம், ‘ஒவ்வோர் உறையின் காட்சியையும் நினைவில் வை’ என்று வாக்கியமாகவே விட்டுவிடலாம். இங்கே ஒரு செய்தி சொல்ல ஆசை, ஏனென்றால் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். மேக்கில் நகலெடுத்த பென்டிரைவை வேறு கணினியில் செருகினால் புள்ளியில் தொடங்கும் ‘டிஎஸ் ஸ்டோர்’ என்றொரு கோப்பு தெரியும். வைரஸ் என்று பயந்து அழிப்பவர்கள் உண்டு. அந்த உறை எப்படித் தெரிய வேண்டும், படவுருக்கள் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்புத்தான் அது. டால்ஃபினும் இதே வேலைக்குப் புள்ளி வைத்த ஒரு மறைகோப்பை உறைக்குள்ளேயே போட்டுவந்தது. லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான குனோம் 2004இல் இந்த எண்ணத்தை அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனது: உறைக்கு ஒரு சாளரம், மூடிய இடத்திலேயே மறுபடி திறக்கும். அது 2010 வரைதான் அங்கே முதலமைவாக இருந்தது. பார்த்தீர்களா, இந்த வாக்கியத்தில் ‘முதலமைவு’ தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. ‘வழமை’ என்று இங்கே எழுதியிருந்தால் பொருளே மாறியிருக்கும்.

பழைய மொழிபெயர்ப்புகளை எல்லாம் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். எழுத்துரு, அச்சுப்பொறி, உலாவி என்று ஒரு பொருள் மட்டும் தேவைப்படும் இடங்களில் இயல்பிருப்பு இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பொருளும் ஒரே மென்பொருளில் எதிரெதிராக வரும் இடங்களில் மட்டும் பிரிப்போம். ஒரே ஆங்கிலத் தொடருக்கு இரண்டு தமிழ் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். மென்பொருள் தொடர்களை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட்டில் அதற்கென்றே சூழல் வரி இருக்கிறது. மூலநிரலில் சூழல் குறித்திருந்தால் இரண்டும் தனித்தனி உள்ளீடுகளாகவே நம் கைக்கு வரும். குறிக்காத இடங்களில் ஆக்குநர்களுக்கு வழு அறிக்கை எழுதிக் கேட்போம்.

சாளரமா ஜன்னலா என்ற கிளை விவாதத்தில் எனக்குச் சாளரம்தான். ஜன்னல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சாளரம் சிலப்பதிகாரத்திலேயே தென்றலை உள்ளே விட்ட சொல், கணினியிலும் ஊன்றிவிட்டது. ‘கோப்பு’ பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கோத்து வைப்பது கோப்பு; தாளில் துளையிட்டுக் கயிறு கோத்த அலுவலக மேசையின் சொல். பெங்களூரில் கன்னட நண்பர்கள் அதற்குக் ‘கடத’ என்கிறார்கள். கரி பூசிய துணியை மடித்து வணிகர்கள் கணக்கெழுதிய ஏட்டின் பெயர் அது. இரண்டு மொழியும் தன் தன் மக்கள் கையில் இருந்த பொருளிலிருந்து சொல்லை எடுத்திருக்கிறது. வழமையும் அப்படி மக்கள் வாயில் இருக்கும் சொல் என்பதால்தான் அதற்காக இவ்வளவு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் கணினியில் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திருத்தித் தொகுத்து வைத்தேன். காட்சிப் பெட்டியில் ‘இதையே வழமையாக்கு’, அமைவுப் பெட்டியில் ‘முதலமைவுக்குத் திரும்பு’. விளக்கம் எதுவும் சொல்லாமல், புது உறையை மற்றவை மாதிரி ஆக்குங்கள் என்று மட்டும் கேட்டேன். வழமையைப் படித்தார், தயங்காமல் தேர்ந்தார், படங்கள் பெரிதாயின. அடுத்து முதலமைவைக் காட்டி இது என்ன செய்யும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எது முதல்? நான் முதல்ல வச்சதா, அவன் முதல்ல வச்சதா?” என்றார். வேறெப்படிச் சொல்லலாம் என்றதற்கு, “வாங்கறப்ப வந்த மாதிரி” என்றார்.

ஆகவே வழமையை ஏற்கலாம் என்று உறுதியாக முன்வைக்கிறேன். முதலமைவில் எனக்கே இப்போது ஐயம் வந்துவிட்டது. ‘வந்தபடி’ என்றே வைத்து, ‘வந்தபடிக்குத் திரும்பு’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? பெயர்ச்சொல்லாக நிற்குமா, வேற்றுமை உருபு ஏறுமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்கா, உங்கள் பக்கத்தில் இதற்கு வேறு சொல் புழங்குகிறதா? அடுத்த வெளியீட்டுக்காக மொழிபெயர்ப்புகளைப் பூட்டிவிடும் நாளுக்கு முன் இந்த இரண்டு தொடர்களையும் முடிவு செய்துவிட வேண்டும்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூர்