பால்மரம் மலாயாவுக்கு வந்த கதை: நன்மையா, கொடுமையா?

அருள்:
ஆங்கிலேயரான ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றியதை இன்னும் ‘திருட்டு’ என்கிறார்கள். அன்று விதை ஏற்றுமதிக்கு அங்கே தடைச் சட்டமே கிடையாது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை 2,700 சொச்சம்தான். அடுத்த ஆண்டு கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அப்புறம் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் வழியைக் கண்டார். காட்டு ரப்பருக்காகக் காங்கோவில் மனிதர்களின் கைகளை வெட்டினார்களே, அந்த அக்கிரமத்துக்கு முடிவு கட்டியது தோட்ட ரப்பர்தான்.

செண்பகம்:
ஆண்டுக் கணக்கைப் பாருங்கள் அருள். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி கேஸ்மென்ட் காங்கோ கொடுமைகளைப் பற்றி எழுதிய அறிக்கை 1904. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கையிலிருந்து காங்கோ போனது 1908. அப்போது சந்தையில் தோட்ட ரப்பர் சொற்பம். காட்டு ரப்பரை அது முந்தியது 1913 வாக்கில்தான். காங்கோவில் கைவெட்டை அம்பலப்படுத்தியவர்கள் மனிதர்கள். அந்தப் பெருமையை மரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், மலாயாவில் மரம் சீவியது யார்? தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள்தானே? விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே மர நிரைக்குள் போவார்கள். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், வசவு விழும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும், ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிக்குக் காசு. அவரிடம் வாங்கிய முன்பணமோ தீராது.

அருள்:
கடன் கதை முழுக்கச் சரியில்லை. 1907இலேயே தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, கூலிகளின் கப்பல் செலவுக்கென்று தனி நிதி வைத்தார்கள். ஊரில் பஞ்சத்தில் கிடந்தவர்களுக்கு அது ஒரு வழிதானே?

முத்து:
வழிதான் அண்ணா, யாருடைய வசதிக்கு? 1930க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வரவழைக்கவும் கப்பல், வேண்டாமென்றால் விரட்டவும் கப்பல். மிஞ்சியவர்களில் எத்தனையோ பேர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் மடிந்தார்கள். விக்கமுக்கு 1920இல் ‘சர்’ பட்டம் கொடுத்தார்கள். அந்த மரத்தைச் சீவியவர்கள் பெயர் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டோடு போய்விட்டது.

அருள்:
அவர்கள் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ரிட்லியின் கண்டுபிடிப்பைச் சிறுமைப்படுத்துவது நியாயமில்லை.

செண்பகம்:
ரிட்லியை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்ட முறையில் மரம் பிழைத்தது. கூலிக்காரருக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறேன். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.