பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் ஃபிரேமில் துரு: பொன்னிறக் கோடுகளை இழக்காமல் நீக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். அப்பா நாகப்பட்டினத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிளை மறுபடியும் ஓட்ட விரும்புகிறேன். ஆறு ஆண்டுகள் உப்புக் காற்றில் நின்றதால் கறுப்பு பெயின்ட் பல இடங்களில் கொப்பளித்து, அடியில் செந்துரு தெரிகிறது. குழாய்களில் உள்ள பொன்னிறக் கோடுகள் மட்டும் அழியாமல் இருக்கின்றன. மணல் பீய்ச்சிவிட்டுப் புதிதாக பெயின்ட் அடிக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்:
மணல் பீய்ச்சினால் அந்தக் கோடுகள் மிஞ்சாது. அதற்கு முன், பெடல் அச்சைக் கழற்றி, அது செல்லும் அடிக்குழலின் உட்புறத்தைப் பாருங்கள். சீட்டுக் குழாய் வழியே இறங்கும் மழைநீர் அங்கேதான் தேங்கி, உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். திருப்புளி முனையால் அழுத்தும்போது அமுங்கினால் வெளிப்பூச்சால் பயனில்லை, வெல்டிங் செய்பவரிடம் காட்ட வேண்டியதுதான்.

கேட்டவர்:
அழுத்திப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. ஆனால் உள்ளிருந்து ஒரு கைப்பிடி துருத்தூள் கொட்டியது. ஃபிரேமை எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசலில் முழுவதுமாக ஊற வைக்கலாமா?

பதில்:
வேண்டாம். அமிலம் நல்ல பெயின்டின் ஓரங்களுக்கு அடியிலும் புகுந்து அதைத் தூக்கிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, படிந்திருக்கும் கடல் உப்பைப் போக்குங்கள். அது பிரைமருக்கு (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடியில் தங்கினால் ஈரத்தை இழுத்து மறுபடியும் துருவை வரவழைக்கும். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் நனைத்த துணியைத் துருவின்மேல் மட்டும் சுற்றி, காயாதபடி பிளாஸ்டிக் உறையால் மூடி, ஓரிரு மணி நேரம் கழித்துப் பித்தளை பிரஷால் தேயுங்கள். சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தைப் போக்கி, மீண்டும் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காய வையுங்கள். இதில் சுணங்கக் கூடாது: அமிலம் பட்ட வெற்று இரும்பு, கடலோர ஈரக் காற்றில் சிறிது நேரத்திலேயே மறுபடி சிவந்துவிடும். ஆகவே ரெட் ஆக்சைடு பிரைமரை அன்றைக்கே அடித்துவிடுங்கள். ஹேண்டில்பாரின் குரோமுக்கு அமிலம் தேவையில்லை. தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் போதும்.

மற்றொரு பதில்:
குழாய்களின் உட்புறத்துக்கு, கொட்டும் துருத்தூளைத் தட்டி அகற்றிவிட்டு, ஆளி விதை எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி, மிகுதியை இரண்டு நாள் வடியவிடுங்கள். அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. வெளியில் விரித்துக் காய வையுங்கள்.