அருணுக்கு எந்த ஆம்ப்?

அருண்: சித்தப்பா, ஹெட்ஃபோனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் வாங்க வேண்டும். உள்ளதை உள்ளபடி தரும் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பா, இதமாக ஒலிக்கும் ட்யூப் ஆம்ப்பா? இரண்டு நாளாகக் குழப்பம்.

சித்தப்பா: உன் ஹெட்ஃபோன் எது?

அருண்: சென்ஹைசர் எச்டி 650. இம்பீடன்ஸ், அதாவது மின் எதிர்ப்பு, 300 ஓம்.

மீனா அக்கா: ட்யூப்தான் அருண்! தோழி வீட்டில் அதே ஹெட்ஃபோனில் கேட்டேன். பாடுகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சித்தப்பா: மீனா சொல்வது நிஜம்தான். அந்த இதம் எப்படி வருகிறது என்று பார். பல ட்யூப் ஆம்ப்களில் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் சொந்த எதிர்ப்பு, அதிகம். எச்டி 650 எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓம் வரை ஏறும். ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் என்றால், அங்கே ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் கூடும்; பேஸ், அதாவது அடி ஒலி, சுமார் 1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும்.

சித்தப்பா: அப்புறம் ட்யூப் சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக். 200 ஹெர்ட்ஸ் வாசித்தால் 400இலும் மெல்லிதாக ஒன்று ஒலிக்கும். அதே சுரத்தின் மேல் ஸ்தாயிதானே, அதனால் காதை உறுத்தாது.

மீனா அக்கா: என்னுடையது பிளானர் சித்தப்பா, தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை. அதிலும் இப்படி வருமா?

சித்தப்பா: பேஸ் தூக்கல் வராது. பிளானரின் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடு.

அருண்: என்னிடம் 32 ஓம் இயர்ஃபோனும் இருக்கிறது.

சித்தப்பா: அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம். ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உன் 32 ஓம் இயர்ஃபோனுக்கு அது 4 ஓம். நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் 1 ஓம்கூட இருக்காது. அதையே வாங்கு.

மீனா அக்கா: இதம் வேண்டுமென்றால்?

சித்தப்பா: எச்டி 650 இயல்பிலேயே இதமானது. போதவில்லை என்றால், ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் பேஸை 1 டெசிபல் ஏற்று. பிடிக்காத பாட்டுக்கு அணைத்துவிடலாம். ட்யூப் சேர்த்ததை அப்படிக் கழற்ற முடியாது. எனக்கும் ட்யூப் பிடிக்கும், ஆனால் அது இரண்டாவது ஆம்ப்பாக இருக்கட்டும்.

அருண்: வாங்கும் முன் இரண்டையும் கேட்டுப் பார்க்கட்டுமா?

சித்தப்பா: கட்டாயம் கேள். ஆனால் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேள். அரை டெசிபல் கூடினால் சத்தம் கூடியது தெரியாது, நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும்.

மீனா அக்கா: தோழி வீட்டில் நாங்கள் அப்படிச் சரிபார்க்கவில்லை. சனிக்கிழமை அவளுடைய ஆம்ப்பை வாங்கி வருகிறேன்.

சித்தப்பா: சரி, சத்தத்தைச் சமமாக்க மின்னழுத்தம் அளக்கும் என் மல்டிமீட்டரையும் எடுத்து வருகிறேன். அருண், ஹெட்ஃபோன் இரண்டையும் எடுத்து வை.