வெளிநாட்டு நிறுவனம் ஊருக்கு வருகிறது, கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

களுவாஞ்சி இளைஞன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம், ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. அனர்த்தப் பாதுகாப்பு வேலைக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனம் வரப்போவதாக ஜி.எஸ். (கிராம சேவகர்) சொன்னார். கிணறு திருத்துவது, வடிகால், பாதுகாப்பு மண்டபம் என்று பட்டியலும் தயாராம். அடுத்த கிழமை மக்களோடு கூட்டம், இளைஞர் கழகம் சார்பில் நான் பேச வேண்டும். சுனாமி நேரம் நான் கைக்குழந்தை, அப்போது வந்த உதவிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். வருபவர்களின் மனம் நோகப் பேச விருப்பமில்லை, சும்மா தலையாட்டிவிட்டு வரவும் மனமில்லை. என்ன கேட்டால் ஊருக்குப் பிரயோசனம்?

கல்லடி அக்கா:
தம்பி, முதலில் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். 2005 தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்தது. உதவிக்கு வந்த ஒவ்வொரு குழுவும் பம்பை இறக்கி இறைத்தது, ஒரு குழு இறைத்துவிட்டுப் போன கிணற்றையே அடுத்த குழு வந்து மறுபடி இறைத்தது. நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் நம் மணல் தரையில் நன்னீர், உவர்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அளவில்லாமல் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். இறைத்த அன்று தண்ணீர் தெளிவாகத் தெரியும், ஊறியபிறகு ஒரு வாளி அள்ளி வாயில் வைத்தால் அதே கரிப்பு. பிறகு ஆய்வு செய்தவர்களும் இதையே சொன்னார்கள், உப்பைக் கழுவியது பெரும்பாலும் மாரி மழைதான். அதனால், நிலத்தடி நீரை யார் பரிசோதித்தார்கள், அந்த அறிக்கை தமிழில் கிடைக்குமா, இதே வேலையை வேறு யாராவது செய்கிறார்களா என்று பிரதேச செயலகத்தில் யார் பார்க்கிறார், இந்த மூன்றையும் விடாமல் கேளுங்கள்.

ஒலுவில்காரன்:
நான் அம்பாறை மாவட்டம். டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013ல் திறந்த எங்கள் ஒலுவில் துறைமுகத்தை வந்து பாருங்கள். நுழைவாயிலில் மணல் அடைத்து மீன்பிடிப் படகுகள் உள்ளே போக முடியாமல் தவித்தன. வடக்குப் பக்கம் கரை அறுபட்டுத் தென்னைகளும் காணியும் கடலுக்குள் போயின. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், துறைமுகம் அதை மறித்துவிட்டது. மணல் போகும் பக்கத்தைக் கரைவலை இழுப்பவரைக் கேட்டாலே சொல்வார். வடிகால் போடுவதானால் மாரியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊரில் யாரிடம் கேட்டார்கள் என்று கேளுங்கள்.

யாருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவுதி உதவியில் கட்டிய 500 வீடுகள், எந்த இனத்துக்கு எத்தனை என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்தன. வீடிழந்தவர்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வந்தாறுமூலை:
சந்தேகத்தோடு மட்டும் போகாதீர்கள். 2004ல் இந்து சமுத்திரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை, பசிபிக்கில் நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு 1965லிருந்து இருந்தது. பிறகு யுனெஸ்கோ ஒருங்கிணைக்க, பல நாடுகள் சேர்ந்து கடல்மட்டத் தரவைப் பகிர்ந்து நமக்கும் ஒன்றை உருவாக்கின. 2012 ஏப்ரலில் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை நேரத்துக்கு வந்து நம் கரையில் சனம் மேட்டுக்குப் போனது. தனி நாடு ஒன்றால் முடியாத வேலை அது. கல்லடியில் 1924ல் கட்டிய ஒடுக்கமான பாலத்தின் பக்கத்திலேயே ஜப்பான் உதவியில் புதிய பாலம் வந்ததும் அப்படித்தான், இன்று நாம் எல்லோரும் அதில்தான் போய் வருகிறோம்.

மண்டபத்துக்கு ஒரு கேள்வி: திட்டம் முடிந்தபின் கரண்ட் பில், கூரைத் திருத்தம் யார் பொறுப்பு, இரவு பன்னிரண்டு மணிக்கு வெள்ளம் வந்தால் சாவி யாரிடம்?

களுவாஞ்சி இளைஞன்:
மிக்க நன்றி. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன், கரைவலை மாமாக்கள் இரண்டு பேரையும் கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன். அக்கா, கூட்டத்துக்கு முன் எங்கள் கிணறுகளின் உப்பை நாங்களே அளக்க முடியுமா?

கல்லடி அக்கா:
முடியும் தம்பி. சின்ன மீட்டர் ஒன்றைத் தண்ணீரில் விட்டால் போதும். உங்கள் பகுதி நீர்வழங்கல் சபையில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியரைப் பிடியுங்கள். எந்தக் கிணறு, எந்தத் திகதி, மழைக்கு முன்னா பின்னா என்று கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள்.