போத்தலுக்கு அடியில் 7: எல்லாவற்றையும் எறிந்துவிட்டேன், பிள்ளை குடிக்கிறாள் இல்லை

ஆரையம்பதி நிலா
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வந்து ஏழு கிழமைதான் ஆகிறது. ஊரில் இருந்து கொண்டுவந்த பால் போத்தல் ஆறு இருந்தது. மேல் வீட்டு அன்ரி இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, "அடியில் முக்கோணத்துக்குள் 7 போட்டிருக்கு, அது நஞ்சு பிளாஸ்டிக்" என்று சொன்னா. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆறையும் ஒரு பையில் கட்டி வெளியே வைத்துவிட்டு, கடைக்கு ஓடிப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். மகள் அதை வாயில் வைத்ததும் துப்புகிறாள். மத்தியானத்தில் இருந்து ஒழுங்காகக் குடிக்கவில்லை. அவருக்கு இரவு வேலை, நான் தனிய. நஞ்சில்லாத போத்தல் எது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கல்லாறு அண்ணன்
மகள், முதலில் அழாதீங்க. நாங்கள் பட்டதைக் கேட்டால் இது ஒன்றுமே இல்லை. நான் 2009 மார்கழியில் வந்து இறங்கும்போது காலில் செருப்பு. ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேர், ஒரு சட்டி, ஒரு அகப்பை. சோறு வடித்த அதே சட்டியில்தான் தேத்தண்ணிக்கும் தண்ணி கொதிக்கும். மறுகா மனிசி பிள்ளையோடு வந்து சேர்ந்தபோது, வேலையில் கூட நின்ற ஒருவர் தன் வீட்டில் பாவித்த போத்தல் நாலு தந்தார். அடியில் என்ன இலக்கம் என்று யார் பார்த்தது? அந்தப் பிள்ளை இப்ப என்னை விட அரை அடி உயரம். ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன், கண்ணாடிதான் திறம். அதில் இருந்து ஒன்றும் பாலில் இறங்காது.

காரைதீவு அக்கா
கண்ணாடி என்று சொல்கிறவர்கள் இரவு மூன்று மணிக்கு எழும்பிப் பால் கரைத்த ஆட்களாக இருக்க மாட்டார்கள். என் மூத்தவனுக்கு நான் கண்ணாடிதான் வாங்கினேன். தூக்கக் கலக்கத்தில் கை வழுக்கி, குசினித் தரையில் விழுந்து நூறு துண்டு. விளக்கைப் போட்டு முழங்காலில் இருந்து கூட்டினேன். அப்படியும் ஒரு சில்லு அடுத்த நாள் அவன் தவழுகிற பாயில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அன்றோடு விட்டது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 5 போட்ட பிளாஸ்டிக், பொலிபுரொப்பிலீன். கொஞ்சம் மங்கலாக, அமத்தினால் வளையும். விலையும் குறைவு. நிலா, நீங்க எந்த நாடு என்று சொல்லவே இல்லையே கா. பிள்ளைக்கு எத்தனை மாதம்?

தோஹா தம்பிலுவில்
அக்கா, 5 நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீங்க. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆட்கள் அந்தப் பொலிபுரொப்பிலீன் போத்தலில் சுடுதண்ணி விட்டுக் குலுக்கிப் பார்த்து 2020இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு லீற்றருக்கு 1 கோடி 60 லட்சம் வரை நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்கு. சில்வர் போத்தல் வாங்குங்கள், கதை முடிந்தது.

காரைதீவு அக்கா
தம்பி, சூடு கூடக் கூடத்தான் துணுக்கும் கூடுகிறது என்று அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆறின பாலை ஊற்றினால் கணக்கு வேறு. சில்வர் போத்தலில் பிள்ளை எத்தனை அவுன்ஸ் குடித்தது என்று எப்படிப் பார்க்கிறது, எக்ஸ்ரே எடுத்தா?

வந்தாறுமூலை மாமி
புதுச் சூப்பி என்றால் பிள்ளைகள் துப்பத்தான் செய்யும். ஒரு சொட்டுத் தேன் தடவி வாயில் வையுங்க மகள், பிறகு விடாது. மீன்பாடும் தேன்நாட்டில் பிறந்த நாம எல்லாம் தேன் நக்காமலா வளர்ந்தோம்? அதுக்கும் சரிவராவிட்டால் ஊசியைச் சுட்டுச் சூப்பித் துளையைக் கொஞ்சம் பெருப்பித்து விடுங்க.

லண்டன் களுவாஞ்சிக்குடி
மாமி கோவிக்க வேண்டாம், இரண்டும் கூடாது. நிலா, தயவு செய்து தேன் வைக்காதீங்க. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரக்கும், தசை சோர்ந்து மூச்சு வரைக்கும் பாதிக்கும். பொட்டுலிசம் என்பார்கள். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் அந்த வித்துச் சாகாது. நாம் நக்கித் தப்பினோம் என்றால் அது நம் அதிர்ஷ்டம். துளையைப் பெருப்பித்தால் பால் பாய்ந்து புரையேறும்.

இன்னொன்று. எல்லாரும் போத்தலையே பார்க்கிறோம், பால்மாவை யாரும் பார்க்கவில்லை. பேணியில் வருகிற மா கிருமி நீக்கினது இல்லை. தண்ணியைக் கொதிக்க வைத்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் மாவைக் கரைக்கச் சொல்லித்தான் இங்கே சொல்லித் தருகிறார்கள்.

தோஹா தம்பிலுவில்
70 பாகைத் தண்ணியைப் பிளாஸ்டிக்கில் விடச் சொல்கிறீர்கள். பிறகு துணுக்கு வராதா?

கல்லாறு அண்ணன்
பாருங்க, இதுதான். தேன் கூடாது, கண்ணாடி கூடாது, சுடுதண்ணி கூடாது. கடைக்காரன் போத்தலையா விற்கிறான், பயத்தைத்தான் விற்கிறான். ஒரு பச்சை இலைப் படம் ஒட்டி "பிபிஏ இல்லை" என்று எழுதினால் பத்து டொலர் கூட. பிபிஏ என்பது பொலிகாபனேட் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் இருந்து பாலில் இறங்கக்கூடிய ஒரு இரசாயனம். கனடாவில் பிபிஏ உள்ள பொலிகாபனேட் பால் போத்தலை விற்கக்கூடாது என்று 2010இலேயே சட்டம் வந்துவிட்டது, அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் வந்தது. இல்லாததை இல்லை என்று எழுத எதற்குக் காசு?

காரைதீவு அக்கா
அது மட்டும் உண்மை. எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். இங்கே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து வாங்கி வைப்போம், ஊரில் இருந்து மாமி ஒரு பெட்டி கட்டி அனுப்புவா. போன முறை கருவாட்டுக்குப் பக்கத்தில் அலுமினியக் கஞ்சிச் சட்டி, பித்தளைச் செம்பு, பிள்ளைக்குக் கண்மை. 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளைச் சமையல் பாத்திரங்களில் இருந்து சாப்பாட்டில் ஈயம் இறங்குகிறது என்று எச்சரித்தது. கண்மையிலும் ஈயம் இருக்கக்கூடும். இதை அவவிடம் சொன்னால், "அப்ப நான் உன் புருஷனுக்கு இவ்வளவு காலமும் நஞ்சா கொடுத்தேன்?" என்று போனை வைத்துவிட்டா. மூன்று கிழமை கதை இல்லை. சட்டி கராஜில் பூக்கன்றோடு இருக்கிறது.

வந்தாறுமூலை மாமி
மாமிமாரைச் சொல்லாட்டி உங்களுக்குப் பொழுது போகாதே.

ஆரையம்பதி நிலா
மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கனடா, ஸ்காபரோ, பேஸ்மென்ட். மகளுக்கு ஐந்து மாதம். இரவில் தாய்ப்பால், பகலில் பால்மா. தேன் வைக்கவில்லை.

சாய்ந்தமருது, மார்க்கம்
தங்கச்சி, ஒரேயொரு கேள்வி. எறிந்த போத்தல் என்ன நிறம்? கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் பளிச்சென்றா?

ஆரையம்பதி நிலா
இல்லை நானா. தண்ணி கூடின பிளேன்ரி, பால் விடாத தேத்தண்ணி நிறம். ஆறும் அப்படித்தான்.

சாய்ந்தமருது, மார்க்கம்
அப்ப அவசரப்பட்டுவிட்டீங்க போல. நான் பதினொரு வருடமாகப் பிளாஸ்டிக் வார்க்கிற இடத்தில் வேலை. 7 என்பது ஒரு பிளாஸ்டிக்கின் பெயரே இல்லை. 1 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, அதற்குள் அடங்காத எல்லாவற்றுக்கும் 7. பள்ளிக்கூடத்தில் "ஏனையவை" என்று ஒரு நிரல் போடுவோமே, அது. கூடாத பொலிகாபனேட்டும் 7, பிபிஏ சேராத டிரைட்டனும் 7, பிபிஎஸ்யு என்பதும் 7. கண்ணாடிபோல் நிறமில்லாமல் கடினமாக இருந்து 7உம் போட்டிருந்தால் சந்தேகப்படலாம். பிளேன்ரி நிறம் பெரும்பாலும் பிபிஎஸ்யு. அதற்குப் பிபிஏ தேவையில்லை, கொதிதண்ணிக்கும் அசையாது, மற்றதை விட விலையும் கூட. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், முக்கோணத்துக்குக் கீழேயோ போத்தலின் கழுத்திலோ எழுத்து இருக்கும், வெளிச்சத்தில் சரித்துப் பாருங்க. பை இன்னும் வெளியேதானே?

பழுகாமம்
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை இன்னும் குடிக்கவில்லை. நிலா, முதலில் தாய்ப்பாலைக் கொடுத்துப் பாருங்கள். இரவில் குடிக்கிற பிள்ளைதானே, நேரம் முந்தினால் என்ன. அதையும் மறுத்தால் ஊரில் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் காட்டித் தந்தது நினைவிருக்கும், சின்னக் கோப்பையும் கரண்டியும். நிமிர்த்தி மடியில் வைத்து, கரண்டியை உதட்டில் தொட்டால் போதும், அவளே நக்கி எடுப்பாள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம். மத்தியானத்தில் இருந்து எத்தனை நாப்பி நனைந்தது என்று எண்ணுங்கள். குறைவாக இருந்தாலோ பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ 811க்கு அடியுங்கள். இரவு முழுக்க நேர்ஸ் இருப்பார், தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ எழுப்பியும் எழும்பாவிட்டாலோ 911தான்.

புதுப் போத்தலின் சூப்பியில் ஒரு இலக்கம் இருக்கும், அதைப் பாருங்கள். 1 என்றால் அநேகமாகப் பிறந்த குழந்தைக்கு உரியது, பால் சொட்டுச் சொட்டாக வரும். ஐந்து மாதப் பிள்ளைக்கு அது கோபத்தைத்தான் கிளப்பும். துப்பியது போத்தலுக்காக இல்லாமல் அதுக்காகவும் இருக்கலாம்.

தோஹாத் தம்பியும் லண்டன்காரரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. கொதிதண்ணியில் கழுவின கண்ணாடி ஜக்கிலோ சில்வர் ஜக்கிலோ சூட்டோடு மாவைக் கரையுங்கள், ஜக்கைக் குளிர்தண்ணியில் நிறுத்தி ஆறவையுங்கள், ஆறின பிறகு போத்தலுக்கு மாற்றுங்கள். கிருமியும் சாகும், பிளாஸ்டிக்கில் சூடும் படாது. நான் இரண்டு பிள்ளைக்கும் இப்படித்தான் செய்தேன், கழுவ ஒரு ஏனம் கூட, அவ்வளவுதான். பாலை மைக்ரோவேவில் வைக்காதீங்க, ஓரிடம் ஆறி இருக்கும், இன்னோரிடம் நாக்கைச் சுடும்.

தண்ணி எப்போதும் குளிர்க் குழாயில் பிடித்துக் கொதிக்க வையுங்கள், சுடுதண்ணிக் குழாயில் பிடிக்க வேண்டாம். வீடு எந்த வருடத்தது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ரொறொன்ரோவில் 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டின வீடு என்றால் ஈயக் குழாய் இருக்கலாம், நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்து விசாரிக்கலாம். போத்தலை விட எனக்கு இதுதான் பெரிய கவலையாக இருந்தது.

அடுத்த மாதம் கஞ்சி தொடங்குவீர்கள். ஊர்ச் சில்வர் கிண்ணம் போதும், கரண்டி மட்டும் மெதுவான சிலிக்கோன். பூப்போட்ட மெலமைன் தட்டில் சூடாகப் போட வேண்டாம், புளி விட்ட சொதி என்றால் இன்னும் மோசம். "மூங்கில்" என்று விற்கிற கோப்பை பலதும் மெலமைனில் மூங்கில் தூள் கலந்ததுதான், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அனுமதியே இல்லை.

ஆரையம்பதி நிலா
பையை எடுத்துவிட்டேன். மேலே ஒரு சாண் பனி. நானா சொன்னது சரி, கழுத்தில் சின்னதாகப் பிபிஎஸ்யு என்று எழுதியிருக்கிறது. ஒரு போத்தல் உள்ளே கீறல், அதை மட்டும் விட்டேன். புதுச் சூப்பியில் 1 தான், பழையதில் 2. பழைய சூப்பிகளில் நாலு பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ஒன்று நல்லம். அதைக் கொதிக்க வைத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலு அவுன்ஸ் முடித்துவிட்டு என் விரலைப் பிடித்தபடி நித்திரை. நாப்பி மூன்று நனைந்திருந்தது. நாளைக்கு 2ஆம் இலக்கச் சூப்பி மட்டும் வாங்கினால் போதும்தானே?

காரைதீவு அக்கா
போதும் கா. போத்தலின் வாய் அகலம் பார்த்து வாங்குங்க, எல்லாச் சூப்பியும் எல்லாத்துக்கும் பொருந்தாது. பழையது ஒன்றைக் கையோடு கொண்டு போங்க.

கல்லாறு அண்ணன்
மகள், அந்த பேஸ்மென்டுக்கு எவ்வளவு வாடகை எடுக்கிறான்?