மண்ணுக்கு அடியில் ஏது காற்று? அங்கே தீ எப்படி நூறு வருடம் எரியும்?

கேள்வி (சும்மா_கேட்டேன்):
ஜார்க்கண்டில் ஜரியா என்ற ஊரில் 1916-லிருந்து பூமிக்குள் நிலக்கரி எரிகிறதாம். மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்தாலே அணைந்துவிடுகிறது, இது மட்டும் எப்படி? தண்ணீர் விட்டு அணைக்க முடியாதா?

கரிக்காட்டான்:
நீங்கள் கரிமூட்டம் பார்த்ததில்லை போல. எங்கள் பக்கம் கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் பூசிக் கொளுத்துவார்கள். வெளியே ஒரு சுடர் தெரியாது, ஆனால் உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். எங்காவது மண் வெடித்துக் காற்று நிறையப் புகுந்தால் கரியெல்லாம் சாம்பல், அதனால் ராத்திரியும் ஒரு ஆள் விழித்திருந்து விரிசலை அடைப்பார். சுடருக்குத்தான் காற்று நிறைய வேண்டும், கங்குக்குக் கொஞ்சம் போதும்.

பழைய_சுரங்கம்:
ஜரியா இருக்கும் தன்பாத் மாவட்டத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். நிலக்கரி காற்று பட்டாலே மெதுவாகச் சூடேறும், அந்தச் சூடு வெளியேற வழியில்லை என்றால் தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஜரியாவில் பழைய சுரங்கங்களைச் சரியாக மணல் நிரப்பி மூடாமல் விட்டதால் மேல்நிலம் உட்கார்ந்து விரிசல் விட்டது. ஒரு விரிசல் வழியாகச் சூடான புகை மேலேறும்போது இன்னொன்று வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடும், அடுப்புப் புகைபோக்கி மாதிரி. கரி எரிய எரிய நிலம் இன்னும் சரியும், விரிசலும் கூடும். தண்ணீர் எங்கே என்று ஊற்றுவீர்கள்? அது போகும் வழி வேறு, தீ இருக்கும் இடம் வேறு. ஒரு பக்கம் அணைந்தாலும் சுற்றியிருக்கும் பாறையில் சூடு அப்படியே இருக்கிறதே, காற்று பட்டால் திரும்பப் பற்றும். மழைக்காலத்தில் விரிசல்களிலிருந்து ஆவி வரும், நடந்தால் செருப்பு அடியில் சுடும். உருப்படியான வழி, எரிகிற கரியைத் தோண்டி எடுப்பதுதான்.

ஊர்சுற்றி:
அமெரிக்காவில் சென்ட்ரேலியா என்ற ஊருக்கு அடியில் 1962-லிருந்து எரிகிறது, ஊரே கிட்டத்தட்ட காலி. ஆஸ்திரேலியாவில் விங்கன் பக்கம் ஒரு மலைக்கு அடியில் சுமார் 6,000 வருடமாக எரிகிறது என்று கணக்கு. வருடத்துக்கு ஒரு மீட்டர்தான் நகர்கிறதாம்!

சும்மா_கேட்டேன்:
சரி, புரிந்தது. ஜரியாவில் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்களா?

பழைய_சுரங்கம்:
இருக்கிறார்கள். பெல்காரியா என்ற புதுக் குடியிருப்பில் வீடு கட்டிக் கொடுத்தார்கள், அங்கே போனால் பிழைப்புக்கு என்ன செய்வது என்று பலர் நகரவில்லை. கரி பொறுக்கி விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும்.