14 மாதக் கலியாணம் முறிகிறது, அவர் பெயரில் உள்ள வீட்டில் எனக்குப் பங்கு இருக்கிறதா?

புதிதாக வந்தவள்:
தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கலியாணத்துக்கு முதலே அவர் வாங்கின கொண்டோவில்தான், அதாவது அடுக்குமாடி வீட்டில்தான், இருக்கிறோம். பிரிவோம் என்கிறார். வீடு தன் பெயரில், உனக்கு ஒரு சதமும் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடதாசியில் கையெழுத்துப் போடு என்கிறார். அம்மா அப்பா தந்த சீதனக் காசும் வீட்டுக் கடனுக்குத்தான் போனது. போடவா?

மார்க்கம் அண்ணா:
தங்கச்சி, முதலில் ஒரு வேலை எடுங்கள். நான் வந்த வருஷம் பேஸ்மென்டில் ஐந்து பேர், இரவு வேலை, பனியில் பஸ்ஸுக்கு நின்று கால் விறைத்துப்போகும். கையில் சம்பளம் வந்தால்தான் பயம் போகும்.

வன்னிமகன்:
கனடாவில் எல்லாம் பாதிப் பாதி. விடாதீர்கள்.

சுகன்யா:
அப்படி இல்லை. ஐந்து வருஷத்துக்குள் பிரிந்தால் ஒன்றும் கிடைக்காது, என் மச்சாளுக்கு அதுதான் நடந்தது.

கோவைக்காரன்:
உங்க மச்சாள் எந்த மாகாணம்? கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சொத்துச் சட்டம் வேறு. அல்பேர்ட்டாவில், கல்கரியில், இருக்கிற சட்டம் ஒன்ராறியோவில் இல்லையே. கேள்வி கேட்டவங்க எந்த ஊர்?

மார்க்கம் அண்ணா:
புரோக்கர் சொன்னதை நம்பி, பெடியனை ஒருதரம் வீடியோவில் பார்த்துவிட்டுப் பிள்ளையை விமானம் ஏற்றுகிற பெற்றோரைச் சொல்ல வேண்டும். பிறகு தனியாக ஒரு அறை எடுக்கவாவது முடிகிறதா இந்த வாடகையில்?

புதிதாக வந்தவள்:
மன்னியுங்கள், சொல்ல மறந்துவிட்டேன். ஒன்ராறியோவில், ஸ்காபரோ. எனக்கு பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, வந்துவிட்டது, ஆனால் என்னைக் கூப்பிட அவர் போட்ட ஸ்பொன்சரை ரத்துச் செய்து திருப்பி அனுப்புவேன் என்கிறார்.

லோயர் ஒபிசில் வேலை செய்யும் அக்கா:
வாடகைக் கதையைப் பிறகு பார்ப்போம். தங்கச்சி, கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு லோயர் வாசிக்கும்வரை போடவே வேண்டாம், வெள்ளிக்கிழமை என்பது அவர் வைத்த தவணை, சட்டம் வைத்தது இல்லை.

உண்மையான கலியாணம் என்றால் பி.ஆர். வந்தபின் ஸ்பொன்சரை ரத்துச் செய்து அனுப்ப அவரால் முடியாது. இரண்டு வருஷம் சேர்ந்து வாழ வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2017 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது வீடு. ஒன்ராறியோவில் வீட்டையே இரண்டாக வெட்டுவதில்லை. கலியாண நாளில் இருந்து பிரிந்த நாள் வரை இருவருடைய சொத்தும் எவ்வளவு கூடியது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தில் பாதியைக் கொடுக்க வைக்கிறார்கள். முதலே இருந்த சொத்தின் அன்றைய பெறுமதியைக் கழித்துவிடுவார்கள், ஆனால் பிரியும்போது இருவரும் வாழ்ந்த வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. கொண்டோ 6 லட்சம் டொலர், கடன் 4 லட்சம் என்று வையுங்கள், மிச்சம் 2 லட்சமும் அவர் கணக்கில் ஏறும். இருவருக்கும் வேறு ஒன்றும் இல்லாவிட்டால் உங்களுக்கு 1 லட்சம் வரும். சுகன்யா சொன்ன ஐந்து வருஷம் முழுப் பொய்யும் இல்லை: அதற்குக் குறைவாக வாழ்ந்திருந்து, பாதி கொடுப்பது மிக அநியாயம் என்று நீதிபதி கண்டால் குறைக்கலாம். தானாகப் பூச்சியம் ஆகாது. உங்களுடையது 14 மாதம் என்பதால் அவருடைய லோயர் இதைத்தான் பிடிப்பார், தயாராக இருங்கள்.

பெயர் அவருடையதாக இருந்தாலும் விவாகரத்து ஆகும்வரை அந்த வீட்டில் இருக்க உங்களுக்கும் உரிமை உண்டு, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் விற்கவும் முடியாது. அடிக்கிறார் என்றால் மட்டும் இதையெல்லாம் பாராமல் வெளியேறி 911 அழையுங்கள்.

சீதனக் காசு வந்த வங்கிச் சீட்டு, வீட்டுக் கடன் கடிதம், வரிக் கடதாசி எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து, அவருக்குத் தெரியாத ஈமெயிலுக்கு அனுப்புங்கள். கலியாணத்துக்கு முன் அம்மா போட்ட நகை உங்களுடையது, அன்றைய பவுண் விலைக்கு ஏதாவது ஆதாரம் தேடி வையுங்கள், ஏனென்றால் கூடின விலை கணக்கில் ஏறும். 12 மாதம் தொடர்ந்து சேர்ந்திருந்ததால் அந்தக் காலத்தில் இருவருக்கும் சேர்ந்த கனடா பென்ஷன் (அரச ஓய்வூதியம்) புள்ளிகளையும் பிரிக்கக் கேட்கலாம், சின்னத் தொகைதான்.

சொத்துக் கணக்குக் கேட்கப் பிரிந்த நாளில் இருந்து 6 வருஷம், விவாகரத்து ஆனால் அதிலிருந்து 2 வருஷம், எது முதல் வருகிறதோ அதுவரை. எந்த நாளில் பிரிந்தீர்கள்?

புதிதாக வந்தவள்:
போன மாதம் 12ஆம் திகதியில் இருந்து வேறு அறையில் படுக்கிறேன். அது சேருமா?

லோயர் ஒபிசில் வேலை செய்யும் அக்கா:
ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழலாம், சேரும். அந்தத் திகதியை எழுதி வைத்துக்கொண்டு நாளைக் காலை, காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் லீகல் எய்ட் ஒன்ராறியோவை அழையுங்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.